ஓஷீன் மெக்கான்வில் பாட்காஸ்ட்: கேட்கிறவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நியூரி_அப்பா:

வணக்கம். அயர்லாந்தில் இருக்கும் நம் ஆட்களில் கேலிக் கால்பந்து (கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த ஆட்டம்) பார்ப்பவர்கள் கொஞ்சம் பேராவது இங்கே இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். பிபிசியில் வரும் 'தி ஜிஏஏ சோஷியல்' பாட்காஸ்ட்டை யாராவது தொடர்ந்து கேட்டிருக்கிறீர்களா? இந்த விளையாட்டை நடத்தும் சங்கமான ஜிஏஏவின் பெயரில், செய்தியாளர் தாமஸ் நிப்லாக்கும் முன்னாள் ஆர்மா கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வீரர் ஓஷீன் மெக்கான்விலும் சேர்ந்து நடத்துவது. எனக்கு அதில் மெக்கான்விலை ரொம்பப் பிடிக்கும். ஆனால் என்னுடன் வேலை செய்யும் ஆர்மாக்காரர்களுக்குள்ளேயே அவர் விஷயத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சிக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை. இன்னொரு கட்சி, ஆடிய காலத்தில் இருந்த கூர்மை மைக் முன்னால் இல்லை, வருகிறவர்களைத் தட்டிக்கொடுத்தே அனுப்பிவிடுகிறார் என்கிறது. நம் ஆட்களின் அபிப்பிராயம் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975-இல் பிறந்தவர். கிளப், கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ். 1997-லிருந்து 2012 வரைக்குள் அந்தக் கிளப் 6 முறை அகில அயர்லாந்து கிளப் கோப்பையை வாங்கியது. ஆறிலும் இவர் இருந்தார். ஆர்மா கவுண்டி அணி தன் முதல் அகில அயர்லாந்துக் கோப்பையை 2002-இல் வாங்கியபோது முன்களத்தில் ஆடியவர். டப்ளினில் இருக்கும் குரோக் பார்க்கில் கெர்ரி கவுண்டிக்கு எதிரான அந்த ஃபைனலில் இடைவேளைக்குச் சற்று முன்பு ஒரு பெனால்ட்டியைக் கோட்டைவிட்டார். இடைவேளையில் கெர்ரி 4 பாயின்ட் முன்னால். இரண்டாம் பாதியில் பால் மெக்ரேனிடம் பந்தைக் கொடுத்து, திரும்ப வாங்கி, கோல் அடித்தார். முடிவு ஆர்மா 1-12, கெர்ரி 0-14. முதல் எண் கோல், இரண்டாவது பாயின்ட்; ஒரு கோலுக்கு மூன்று பாயின்ட் என்பதால் 15-க்கு 14. ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம்.

எனக்கு இந்த விளையாட்டு அறிமுகமானது பையன் மூலமாகத்தான். பள்ளி நண்பர்களோடு இங்கே உள்ளூர்க் கிளப்பில் சேர்ந்தான். சனிக்கிழமை காலையில் கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பேன், எதற்குக் கை தட்டுகிறார்கள் என்றே புரியாது. அப்போது பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, விதிகளை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் இதைக் கேளுங்கள் என்று இந்தப் பாட்காஸ்ட்டைச் சொன்னார். விளையாட்டை விளக்குவதற்காக அவர் இதைச் சொல்லவில்லை என்பது கேட்ட பிறகுதான் புரிந்தது. இந்த ஊர் ஆட்களைப் புரிந்துகொள்வதற்காகச் சொல்லியிருக்கிறார்.

கேலிக் விளையாட்டில் யாருக்கும் சம்பளம் கிடையாது. எண்பதாயிரம் பேர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவர் திங்கட்கிழமை பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பார், அல்லது எங்காவது ஒயரிங் வேலையில் இருப்பார். அதனால் இங்கே ஒரு வீரரிடம் பேசுவது என்றால், அவருடைய வேலை, வீடு, கிளப், அப்பா அம்மா எல்லாம் உள்ளே வந்துவிடும். மெக்கான்வில் அந்த இடத்தில்தான் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிகிறார். விருந்தாளி ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டால், பல நிகழ்ச்சிகளில் உடனே அடுத்த கேள்வி விழும். இவர் விடமாட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு தன் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு வரி சொல்லுவார். அதுவும் கேள்வியாக இருக்காது. அதற்குப் பிறகு வருவதுதான் அந்த எபிசோடிலேயே கேட்க வேண்டிய பகுதி.

இதை மென்மை என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கடுமையாகக் கேட்டால் ஒரு ஆள் தயாரித்து வைத்த பதிலைச் சொல்வார், அவ்வளவுதான். இது என் கட்சி. உங்களுக்கு எப்படிப் படுகிறது? வேறு முன்னாள் வீரர்கள் நடத்தும் நல்ல பாட்காஸ்ட் இருந்தாலும் சொல்லுங்கள். பையனுக்கு இப்போது 13 வயது, ஆட்டத்தின் நுணுக்கங்களைக் கேட்கத் தொடங்கிவிட்டான். என்னிடம் பதில் இல்லை.

---

டிராலி_வாசி:

அண்ணா, கெர்ரியில் குடியிருப்பவன் என்பதால் அந்த 2002 கதையை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டவன் நான். இடைவேளையில் 0-11 என்று போன கெர்ரி, இரண்டாம் பாதி முழுவதிலும் மூன்றே பாயின்ட்தான் எடுத்தது. இங்கே அதைப் பற்றி இன்றும் யாரும் லேசாகப் பேசுவதில்லை. ஆர்மா மேனேஜர் ஜோ கெர்னன், 1977 ஃபைனலில் தோற்றபோது தனக்குக் கிடைத்த நினைவுச் சின்னத்தை இடைவேளையில் உடைமாற்றும் அறைச் சுவரில் அடித்து உடைத்தார் என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பெனால்ட்டியை விட்டுவிட்டு, அந்த அறைக்குள் உட்கார்ந்து, திரும்ப வந்து கோல் அடித்த மனுஷர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் பாட்காஸ்ட் விஷயத்தில் நான் உங்கள் எதிர்க்கட்சி. ஒரு மணி நேரம் கேட்டால் கால்பந்து பத்து நிமிடம்கூடத் தேறாத எபிசோடுகள் இருக்கின்றன. மனிதர்களின் கதை எனக்கும் பிடிக்கும், ஆனால் இவரைப் போல ஆடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஃப்ரீ-கிக் எடுக்கும்போது காற்றை எப்படிக் கணக்குப் போடுவார், ஒரே ஆள் எழுபது நிமிடமும் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தால் எப்படிக் கழன்று வருவார், இதெல்லாம் அவர் வாயால் கேட்க வேண்டாமா? அந்த அறிவை அவர் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார் என்பதுதான் என் வருத்தம்.

அதுவும் 2025-லிருந்து ஆட்டமே மாறிவிட்டது. ஜிம் கேவின் தலைமையிலான குழு கொண்டுவந்த விதிகள். 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து கம்பத்துக்கு மேலே அடித்தால் இரண்டு பாயின்ட். ஒவ்வொரு அணியும் எப்போதும் மூன்று பேரை எதிராளியின் பாதியில் நிறுத்தியே ஆக வேண்டும். கோல்கீப்பர் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கக் கிக்-அவுட் அடித்தால் பந்து அந்த வளைவைத் தாண்ட வேண்டும். முன்பெல்லாம் கோல்கீப்பர் பக்கத்தில் நிற்கும் ஆளுக்குச் சின்னதாகத் தட்டிவிடுவார், பின்னாலேயே பத்து பாஸ் போய்க்கொண்டிருக்கும், பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும். இப்போது பந்து நடுக்களத்தில் வானத்திலிருந்து இறங்குகிறது, நாலு பேர் ஒன்றாகக் குதிக்கிறார்கள், சிதறி விழும் பந்தை யார் எடுக்கிறார்களோ அவர்கள் கையில்தான் மேட்ச். அந்த வருட ஃபைனலில் கெர்ரி 1-26, டொனிகால் 0-19. இடைவேளைக்கு முன்னால் டேவிட் கிளிஃபர்ட் வளைவுக்கு வெளியிலிருந்து இரண்டு பாயின்ட்டுக்கு ஒன்று அடித்தாரே, அதை ஒரு முன்களக்காரர் பிரித்துச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

உங்கள் பையனுக்கு நான் சொல்வது 'தி ஃபுட்பால் பாட்'. டப்ளின் வரிசையாகக் கோப்பை வாங்கிய காலத்தில் ஆடிய பேடி ஆண்ட்ரூஸும், 2014-இல் அந்த ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எங்கள் கெர்ரியின் ஜேம்ஸ் ஓ'டோனஹியூவும் பேசுவது. யார் எங்கே நின்றார், ஏன் நின்றார் என்பதுவரை போவார்கள். லீஷ் கவுண்டி அணியில் ஆடிய கொலம் பார்க்கின்சனையும் கேட்கச் சொல்லுங்கள். பெரிய கவுண்டிகளை மட்டும் பேசாமல், கீழ்ப் பிரிவு அணிகளையும் அதே அக்கறையோடு அலசுபவர்.

---

இரவுப்பணி_கால்வே:

நான் இதில் பொதுவாக எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. மெக்கான்வில் பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

டிராலி அண்ணா, அவர் கால்பந்தைக் குறைத்துப் பேசுகிறார் என்பது உண்மைதான். ஆனால் அவர் வேறு ஒன்றைப் பேசுவதால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

அவர் பதின்ம வயதிலேயே சூதாட்டத்தில் விழுந்தவர். கோப்பைகள் வாங்கிக்கொண்டிருந்த அதே வருடங்களில் உள்ளே கடனும் பொய்யுமாக வாழ்ந்தவர். 2005-இல் சிகிச்சைக்குப் போனார். 2007-இல் அதையெல்லாம் மறைக்காமல் புத்தகமாகவே எழுதினார். பிறகு தானே போதை, சூதாட்ட அடிமைத்தனத்துக்கு ஆலோசகராக வேலை செய்யத் தொடங்கினார். அதனால்தான் நியூரி அப்பா சொன்ன அந்தக் 'கொஞ்ச நேரம் சும்மா இருப்பது' அவருக்கு வருகிறது. அது அவர் தொழில். ஆலோசனை அறையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அமைதியைக் கண்டு பயம் இருக்காது. நான் மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன், நல்ல ஆலோசகரையும் சுமாரானவரையும் அந்த ஒரு இடத்தில் பிரித்துவிடலாம்.

என் தம்பி என்னோடுதான் இருக்கிறான். வந்த புதிதில் வேலை, வீடு, ஜிம் என்று இருந்தான். பிறகு போனைக் கையிலிருந்து இறக்குவதே இல்லை. நான் காதல் என்று நினைத்தேன். சாப்பிடும்போது போனை மேசையில் கவிழ்த்துதான் வைப்பான். வாடகையில் அவன் பங்கு முதலில் நாலு நாள் தாமதமானது, அப்புறம் பாதியாக வந்தது. கேட்டால் ஊருக்கு அனுப்பினேன் என்பான். அம்மாவிடம் கேட்டால் அப்படி எதுவும் வரவில்லை. ஒரு நாள் அதிகாலை நான் டியூட்டி முடிந்து வரும்போது சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்து, எங்கோ நடக்கும் ஏதோ ஒரு டென்னிஸ் மேட்ச்சின் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு டென்னிஸில் ஸ்கோர் எப்படி ஏறும் என்றுகூடத் தெரியாது.

நான் சண்டை போட்டேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் டப்ளினுக்குப் போகும்போது காரில் மெக்கான்வில் தன் பழைய நாட்களைப் பற்றிப் பேசிய ஒரு நேர்காணலைப் போட்டுவிட்டேன். தம்பிக்குக் கேலிக் கால்பந்து தெரியாது, இவர் யாரென்றும் தெரியாது. ஆத்லோன் தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். பொய் சொல்வது எப்படி ஒரு முழு நேர வேலையாகிவிடுகிறது, யாரிடம் என்ன சொன்னோம் என்று எப்படி ஞாபகம் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிற பகுதி வந்தபோது, திரும்பப் போடு என்றான். போட்டேன். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் காரிலிருந்து இறங்கவில்லை. நான் காசு கட்டிவிட்டு வந்தபோது எவ்வளவு கடன் என்று தானாகச் சொன்னான்.

அவன் இப்போது ஒரு குழுவுக்கு வாராவாரம் போகிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் சம்பளக் கணக்கை நான் பார்க்கச் சம்மதித்திருக்கிறான், செயலிகளை நீக்கிவிட்டான்.

இதில் ஒரு முக்கியமான விஷயம், அவர் அறிவுரை சொல்லவே இல்லை. நான் திருந்திவிட்டேன், நீங்களும் திருந்துங்கள் என்கிற தொனி கிடையாது. பெரிய ஸ்டேடியத்தில் எல்லோரும் பெயர் சொல்லிக் கத்தும்போது மனதில் எந்தக் குதிரை ஓடிக்கொண்டிருந்தது என்று சாதாரணமாகச் சொல்கிறார். என் தம்பிக்கு அதுதான் தேவைப்பட்டிருக்கிறது. 2018-இல் ஜிஏஏ சூதாட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர்ஷிப்பே வேண்டாம் என்று முடிவு செய்தது, 2024-இல் இங்கே புதிய சூதாட்டச் சட்டமும் வந்தது. அதெல்லாம் நல்லதுதான், ஆனால் சட்டம் ராத்திரி மூன்று மணிக்குச் சமையலறைக்கு வராது. வெட்கப்படாமல் பேசுகிற ஒரு மனுஷரின் குரல் வரும். அதற்காக அவர் கிக்-அவுட்டைப் பற்றிப் பேசாவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை.

---

டன்டாக்_பெடியன்:

அக்கா, உங்கட தம்பிக்கு எங்கட அன்பைச் சொல்லுங்கோ.

நான் டன்டாக்கில் இருக்கிறேன், எல்லையைத் தாண்டி வட அயர்லாந்துக்குள் போனால் கிராஸ்மக்லென் கிட்டத்தான். வேலை விஷயமாக அங்கே அடிக்கடி போய்வருகிறேன். மெக்கான்விலைப் பற்றிக் கதைக்கும்போது அந்த ஊரைப் பற்றிக் கதைக்காமல் விட முடியாது. வட அயர்லாந்துக் கலவர காலத்தில் அந்தக் கிளப் மைதானத்தை ஒட்டி பிரிட்டிஷ் ராணுவ முகாம் இருந்தது. மைதானத்துக் காணியிலேயே ஒரு பகுதியை எடுத்திருந்தார்கள். மேலே காவல் கோபுரம், தலைக்கு மேலே ஹெலிகாப்டர். பெடியன்கள் அதற்குள்தான் பந்தடித்தார்கள். 1997-இல் அகில அயர்லாந்துக் கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தபோதும் முகாம் அங்கேதான் இருந்தது. வட அயர்லாந்துப் போலீஸிலும் பிரிட்டிஷ் ராணுவத்திலும் இருப்பவர்கள் ஜிஏஏவில் சேரக்கூடாது என்ற விதி 2001 வரைக்கும் இருந்தது.

மேலே கோபுரம் பார்த்துக்கொண்டிருக்க, கீழே விளையாடி வளர்ந்தவன் நானும்தான். அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஆனால் அப்படி வளர்ந்த ஆட்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு வகை. ஒன்று கதைக்கவே மாட்டார்கள், அல்லது கோபத்தில் மட்டும் கதைப்பார்கள். இந்த மனிதர் தன் ஊர்ப் பழங்கதையைச் சொல்லும்போது யாரையும் தூற்றுவதும் இல்லை, நடந்ததைக் குறைத்துச் சொல்வதும் இல்லை. எனக்கு அது பெரிய விஷயம். பிபிசி நிகழ்ச்சி என்பதால் கேட்கிறவர்களில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று இரண்டு சமூகத்து ஆட்களும் இருப்பார்கள். ஜிஏஏ மைதானத்துக்குள் வாழ்நாளில் கால் வைக்காத என் முதலாளி இதைக் கேட்கிறார். கிராஸ்மக்லென் பெயரையே முன்பு செய்தியில் குண்டு வெடித்தால்தான் கேட்டிருக்கிறார். இப்போது அந்த ஊர்ப் பெடியனின் பெனால்ட்டியைப் பற்றி என்னிடம் வந்து கேட்கிறார்.

குறை சொல்ல வேண்டுமென்றால், ஆர்மா பற்றிய கதையில் அவர் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறாரோ என்று எனக்கும் தோன்றும். 2002 கேப்டன் கீரன் மெகீனிதான் பிறகு ஆர்மா மேனேஜர். 2023-இல் அவர் நீடிக்க வேண்டுமா என்று கிளப்புகள் வாக்கெடுப்பே நடத்தின, ஊரே இரண்டாகக் கிடந்தது. ஒன்றாக வியர்வை சிந்திய ஆளைப் பற்றி மைக் முன்னால் தீர்ப்புச் சொல்வது லேசான வேலையில்லை. அடுத்த வருடமே மெகீனியின் அணி கால்வேயை 1-11க்கு 0-13 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது வேறு கதை.

---

நியூரி_அப்பா:

கால்வே அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆலோசகர் என்கிற விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் அந்த அமைதியையும் அதையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. உங்கள் தம்பி நன்றாக வர வேண்டும்.

டிராலி தம்பி, 'தி ஃபுட்பால் பாட்' பையனுக்குப் போட்டுக் கொடுத்தேன். முதல் எபிசோடிலேயே பேனா எடுத்துக்கொண்டு வந்து, நடுக்களத்தில் யார் யார் எங்கே நிற்பார்கள் என்று எனக்கே வரைந்து காட்டினான். உங்களுக்கு நன்றி. ஆனால் ஒரு விஷயம் கேட்கிறேன். ஓஷீன் 2022-இல் விக்லோ கவுண்டி அணியின் மேனேஜர் பொறுப்பையும் ஏற்றவர். பொறுப்பில் இருக்கும் மேனேஜர் மற்ற அணிகளின் தந்திரங்களை மைக்கில் உடைத்துப் பேச முடியுமா? நீங்கள் எதிர்பார்க்கும் நுணுக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் இல்லையா?

---

டிராலி_வாசி:

கால்வே அக்கா, உங்கள் பதிவுக்குப் பிறகு வாதம் பண்ண மனமில்லை. அந்த வகையில் அவர் செய்வது எந்தத் தந்திர விளக்கத்தைவிடவும் பெரியது, மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அண்ணா கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். மேனேஜராக இருந்துகொண்டே விமர்சகராகவும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இது அவர் ஒருவரைப் பற்றிய புகார் இல்லை, இந்த விளையாட்டில் இது சகஜமாகிவிட்டது. அடுத்த மாதம் எதிர்த்து ஆடப்போகிற அணியைப் பற்றி எந்த மேனேஜரும் மனதில் இருப்பதை முழுசாகச் சொல்ல மாட்டார். கேட்கிறவனுக்கு எது உண்மையான கருத்து, எது ஜாக்கிரதை என்று பிரிக்கத் தெரியாது. விக்லோவுக்குப் போன பிறகு மற்ற மேனேஜர்களைப் பற்றி அவர் பேசும் விதம் இளகிவிட்டது என்பது என் காதுக்குப் பட்டது. மழையில் பயிற்சிக்கு ஆள் சேர்க்கிற கஷ்டம் தெரிந்த பிறகு யாரையும் லேசில் திட்ட வாய் வராது, அது மனித இயல்பு. ஆனால் எனக்கு விமர்சகர் என்றால் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும்.

நேர்காணலுக்கு அவர், ஆட்டத்துக்கு மற்றவர்கள் என்று நான் பிரித்துக்கொண்டுவிட்டேன். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

---

பிரே_மாலா_அம்மா:

விக்லோ பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். நான் பிரேயில் இருக்கிறேன், என் மகள் இங்கே கேலிக் ஆடுகிறாள், நாங்கள் விக்லோ ஆட்கள்.

டிராலி தம்பி, கெர்ரியிலிருந்து பார்த்தால் எங்கள் நிலைமை தெரியாது. விக்லோ இதுவரை ஒரு முறைகூட லென்ஸ்டர் மாகாண சீனியர் கோப்பை வாங்கியதில்லை. நாடு முழுக்க 32 கவுண்டியில் மாகாணக் கோப்பையே வாங்காத இரண்டில் எங்களுடையது ஒன்று, இன்னொன்று ஃபெர்மனா. அகில அயர்லாந்து மெடல் வாங்கிய ஒரு ஆள், கிராஸ்மக்லெனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி வந்து, இந்த அணியை எடுத்துக்கொண்டது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? 2023-இல், அவருடைய முதல் சீசனிலேயே, லீக்கில் நாலாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு ஏறினோம். அங்கே நிலைக்கவில்லை, அது தனிக்கதை. ஆனால் அந்த வசந்த காலத்தில் என் மகளின் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை நான் பார்த்தேன்.

அவர் இளகிவிட்டார் என்றீர்கள். நான் அதை இன்னொரு விதமாகப் பார்க்கிறேன். ஜெயிக்கிற கிளப், ஜெயிக்கிற கவுண்டி என்று ஆடியவருக்கு, தோற்றுக்கொண்டே இருந்தும் செவ்வாய், வியாழன் தவறாமல் பயிற்சிக்கு வருகிற பையன்களைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விக்லோவுக்கு வந்த பிறகு அவர்களை வைத்துத்தான் வேலை செய்தார். சின்னக் கவுண்டி வீரர் ஒருவர் பாட்காஸ்ட்டில் வந்து பேசும்போது இவர் கேட்கிற கேள்வியில் அது தெரிகிறது. உங்கள் அளவுக்கு நான் பாட்காஸ்ட் கேட்கிறவள் இல்லை, சமையலறையில் மகள் போட்டால் கேட்பேன். அவள் கேள்விக்குக் காத்திருக்காமல் தானே பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நியூரி அப்பா, பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை விக்லோ அணி ஆடும் ஆக்ரிம் மைதானத்துக்கு வாருங்கள். குரோக் பார்க் மாதிரி இருக்காது. மரங்கள் சூழ்ந்த சின்ன மைதானம், ஜனவரி கடைசியில் லீக் தொடங்கும்போது குளிர் எலும்புக்குள் போகும். ஆனால் கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கலாம், மேனேஜர் கத்துவது ஒவ்வொன்றும் கேட்கும். டிராலி தம்பி கேட்கிற நுணுக்கமெல்லாம் அங்கே காதாலேயே கிடைத்துவிடும். டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே வாங்கிவிடுங்கள், வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்து நிற்காதீர்கள். டப்ளின்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பிரே வந்துவிட்டால், என் காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.